சம்பளம் இல்லாத ஆட்டமும் சம்பளம் இல்லாத ஊர்வேலையும்

தமிழ்நாட்டு ஊர்க் கபடிக் குழுக்களின் தம்பிகளே, தங்கைகளே,

தை பிறந்ததும் உங்கள் காலம் தொடங்கிவிடுகிறது. பொங்கல் விளையாட்டு விழா, மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரைக் கொடை, ஆடித் திருவிழா என்று ஆட்டம் ஊர் ஊராக நகர்கிறது. அறுவடை முடிந்த வயலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் கோயில் திடலிலும் மண்ணைக் கொட்டி நிரவி, தண்ணீர் தெளித்து, கோடு போட்டுவிடுகிறீர்கள். அந்த ஆட்டங்களில் ஸ்கோர் மேசைக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சில வருடங்களாக மேசையருகே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "லீக்குல எடுக்கவா போறாங்க? இதுல விழுந்து புரண்டு என்னத்தக் கண்ட?" அப்பா கேட்கிறார். மாமனாராக வரப்போகிறவர் கேட்கிறார். இருபத்தைந்து வயதைத் தாண்டியும் எந்தத் தேர்வு முகாமிலும் பெயர் வராதபோது, முழங்கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே நீங்களும் அதைத்தான் உங்களுக்குள் கேட்டுக்கொள்கிறீர்கள். கபடிக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை இது. மரம் விழுந்தால் வெட்டப் போகிறவனிடமும், ஏரிக் கரையில் நிற்கிறவனிடமும், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கிறவளிடமும் ஊர் இதையே கேட்கிறது: "உனக்கு இதுல என்ன கிடைக்குது?"

காசு வாங்கி ஆடுகிறவரிடம் எந்தக் குறையும் இல்லை, காசு வாங்காமல் ஆடுகிறவரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான். விளையாட்டையும் ஊரையும் அன்றாடம் தாங்கி நிற்பவர்கள் இரண்டாமவர்கள். அவர்களை உலகம் எப்படி ஏமாற்றியது, எப்படி மதித்தது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்கு நீங்கள் தலை நிமிர்ந்தே பதில் சொல்லலாம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. 2023 ஏலத்தில் பவன் செராவத் என்ற ஆட்டக்காரரை ஓர் அணி 2.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மண்ணில் புரண்ட ஆட்டத்துக்கு இப்படி ஒரு விலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். உடம்பை வைத்து ஆடுகிறவன் அந்த உடம்புக்குக் கூலி கேட்பது நியாயம். ஆனால் லீக்கில் இருப்பது 12 அணிகள். ஓர் அணிக்கு 25 பேர் என்று வைத்தாலும் மொத்தம் 300 இடம்தான். இந்தியா முழுவதிலிருந்தும் ஈரானிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சேர்த்துத்தான் இந்த 300. நம் ஒரு மாவட்டத்தில் ஒரு சீசனில் களம் இறங்குகிறவர்களையே அதற்குள் அடக்க முடியாது. மற்றவர்கள் எல்லாரும் தோற்றுப்போனவர்களா? 300 பேருக்குச் சோறு போடுவது மட்டும்தான் கபடியின் பயன் என்றால் அந்த ஆட்டம் என்றைக்கோ செத்திருக்கும். லீக் பிறப்பதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறைகளாகச் சடுகுடு உயிரோடு இருந்தது. அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களுக்கு யாரும் விலை குறிக்கவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு பழைய குரல் குறுக்கே வரும். "பார்த்தாயா, காசு வாங்காமல் ஆடுவதுதான் தூய்மை, காசு வந்தால் ஆட்டம் கெட்டுவிடும்" என்று அது சொல்லும். அதை நம்பிவிடாதீர்கள். அமெச்சூர் (காசு வாங்காமல் ஆடுகிறவர்) என்ற பெயரில் நடந்த ஒரு பெரிய அநியாயம் அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கிறது.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் போட்டிக்கு 1879இல் ஒரு விதி எழுதினார்கள். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கோ கைவினைஞரோ உழைப்பாளியோ அமெச்சூர் ஆக முடியாது என்றது அந்த விதி. படகுப் போட்டியில் காசு வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, கையால் உழைத்துப் பிழைக்கிறவன் என்றாலே வெளியே நில் என்று அர்த்தம். 1920இல் அமெரிக்காவிலிருந்து ஜான் கெல்லி என்ற துடுப்பு வீரர் அங்கே போட்டியிட விண்ணப்பித்தார். அவர் கொத்து வேலை பார்த்தவர். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய கிளப்போடு இருந்த பழைய தகராறும் அதற்கு ஒரு காரணம், கொத்தனார் என்பதும் ஒரு காரணம். அதே கோடையில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் அந்த ஆண்டு வென்றவரையே முந்தித் தங்கப் பதக்கம் வாங்கினார் கெல்லி. ஹென்லிக்காரர்கள் அந்த விதியை 1937இல்தான் எடுத்தார்கள்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 'ஜென்டில்மென்' ஒரு பக்கம், 'பிளேயர்ஸ்' ஒரு பக்கம் என்று 1806இல் தொடங்கிய ஆட்டம் 1962 வரை நடந்தது. காசு வாங்காதவர் ஜென்டில்மேன், வாங்குகிறவர் வெறும் பிளேயர். களத்துக்குள் இறங்கும் வாசல்கூடத் தனித்தனி. ஸ்கோர் அட்டையில் பெயர் அச்சிடும் முறைகூட வேறு வேறு. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து டெஸ்ட் அணிக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் கேப்டன் ஆனது 1952இல்தான், அவர் லென் ஹட்டன். இத்தனைக்கும் ஜென்டில்மேன்களில் தலைசிறந்தவராகக் கொண்டாடப்பட்ட டபிள்யூ. ஜி. கிரேஸ், செலவுப் பணம், நிதித் திரட்டு என்ற பெயர்களில் தொழில்முறைக்காரர்களைவிட அதிகமாகச் சம்பாதித்தார். அதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

அந்த வழக்கம் நம் நாட்டுக்கு வந்து சாதியோடு சேர்ந்தபோது நடந்ததற்குப் பல்வாங்கர் பாலு சாட்சி. 1876இல் தார்வாடில் பிறந்த தலித். புனேயில் ஐரோப்பியர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ரோலர் இழுத்து, வலை கட்டி, ஆடுகளத்தைப் பராமரித்தவர். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசி வீசியே இடது கைச் சுழற்பந்தில் தேறினார். மட்டையை அவர் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. விக்கெட் எடுக்க அவர் வேண்டும், ஆனால் இடைவேளைத் தேநீர் மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் கேப்டன் பதவி அவருக்கு வரவே இல்லை. 1932இல் இந்தியா முதல் டெஸ்ட் ஆடப் போனபோது பயணத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. களத்தில் அணியை நடத்தியவர் சி. கே. நாயுடு.

அமெரிக்கப் பூர்வகுடியான ஜிம் தார்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். கல்லூரி விடுமுறையில் சிறிய பேஸ்பால் அணி ஒன்றில் சொற்பக் காசுக்கு ஆடியிருக்கிறார் என்று கண்டுபிடித்து, 1913இல் இரண்டையும் பறித்தார்கள். அவர் 1953இல் இறந்துபோனார். 1983இல் அவர் பிள்ளைகளிடம் பதக்க நகல்களைக் கொடுத்தார்கள். அந்த இரண்டுக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி அறிவிக்க 2022 வரை ஆனது.

பொதுவாழ்விலும் இதே வேலி இருந்தது. 1911 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சாதாரண உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. சேவைக்குக் கூலி வாங்குவது இழுக்கு என்று சொன்னவர்கள் எல்லாரும் நிலமும் வாடகையும் உள்ளவர்கள். சுரங்கத் தொழிலாளியோ நெசவாளியோ லண்டனில் போய் உட்கார்ந்தால் அவர் வீட்டில் உலை ஏறாது. அதனால்தான் உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பதை 1838லேயே சார்ட்டிஸ்டு இயக்கத்துத் தொழிலாளர்கள் தங்கள் ஆறு கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தார்கள். 73 வருடம் கழித்து, ஆண்டுக்கு 400 பவுண்டு என்று வந்தது.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? "நீ ஊருக்காகத்தானே ஆடுகிறாய், பஸ் காசு எதற்குக் கேட்கிறாய்?" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எந்த வாசலில் நின்று பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஆட வருகிற பையனுக்கு அன்றைய கூலியைக் கொடுப்பது ஆட்டத்தை அசிங்கப்படுத்தாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீசிலோ வங்கியிலோ வேலை கேட்பது பிச்சை இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனை, அவர் கதையைத் தழுவிய 'பைசன்' படம் வந்த பிறகு ஊரே பேசுகிறது. அவர் ஆடிய காலத்தில் லீக்கும் இல்லை, ஏலமும் இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தில் நிலைக்க அன்றைக்கு இருந்த ஒரே பிடிமானம் வேலைதான்.

அப்படியானால் அமெச்சூர் என்பதில் காப்பாற்றி வைக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது. அதைப் பார்க்க அயர்லாந்து வரை போக வேண்டும்.

1884 நவம்பர் 1 அன்று தர்லெஸ் என்ற சிற்றூரின் ஹேய்ஸ் ஹோட்டலில் சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலேய ஆட்சியின் கீழ் மறைந்துகொண்டிருந்த தங்கள் சொந்த ஆட்டங்களை, ஹர்லிங்கையும் கேலிக் கால்பந்தையும், மீட்பது அவர்கள் நோக்கம். தொடங்கியவர்களில் முக்கியமானவரான மைக்கேல் குசாக் ஒரு பள்ளி ஆசிரியர். உழைப்பாளிகளை ஒதுக்கிய அன்றைய தடகள விதிகளை எதிர்த்தவர். தங்கள் ஆட்டம் சாதாரண ஜனங்களுடையது என்பதில் அந்தச் சங்கம் உறுதியாக இருந்தது.

140 வருடம் ஆகியும் அந்தச் சங்கத்தின் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் டப்ளினின் குரோக் பார்க்கில் நடக்கும். 82,000 பேர் உட்காரும் அரங்கம் நிரம்பி வழியும். அவ்வளவு பேர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர், திங்களோ செவ்வாயோ பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நிற்பார், அல்லது பண்ணையில் மாடு கறப்பார், அல்லது போலீஸ் சீருடையில் இருப்பார். பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்கிறார்கள், அரசு ஒரு சிறு உதவித்தொகை தருகிறது. ஏலம் கிடையாது, விலைக்கு ஆள் வாங்குவது கிடையாது. பிறந்து வளர்ந்த பகுதியின் கிளப்புக்குத்தான் பொதுவாக ஆயுள் முழுக்க ஆடுவார்கள். குரோக் பார்க்கில் விழும் டிக்கெட் காசில் பெரும்பகுதி கிளப்புகளின் மைதானத்துக்கும் சிறுவர் பயிற்சிக்கும் திரும்பிப் போகிறது. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர், புல் வெட்டுகிறவர், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் என்று எல்லா வேலையையும் தாங்குவது தன்னார்வலர்கள்தான்.

ஹென்லியில் அமெச்சூர் என்ற பெயர் உழைப்பாளியை வெளியே நிறுத்தியது. அயர்லாந்தில் அதே பெயர் ஆட்டக்காரனை ஊரோடு சேர்த்துக் கட்டியது. பெயர் ஒன்றுதான், அது யார் கையில் இருந்தது, யாருக்காக இருந்தது என்பதில்தான் வேறுபாடு. உங்கள் குழு எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

இப்போது நம் ஆடுகளத்துக்கு வருகிறேன். நீங்கள் நடத்துகிற ஒரு சாதாரணப் போட்டியை எடுத்துக்கொள்வோம். நோட்டீஸ் அடிக்க வேண்டும், மைக் செட்டுக்கு முன்பணம் தர வேண்டும், காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். களத்துக்கு வண்டல் மண்ணோ செம்மண்ணோ டிராக்டரில் வரும். ஒருவன் கல் பொறுக்குகிறான், ஒருவன் சலித்துப் போடுகிறான், இரண்டு பேர் நனைத்து மிதிக்கிறார்கள். 13 மீட்டருக்கு 10 மீட்டர் டேப் பிடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளில் நடுக்கோடு, அங்கிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு, அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு, இரண்டு பக்கமும் லாபி. பெண்கள் ஆட்டம் இருந்தால் அதே களத்தை 12க்கு 8 ஆகச் சுருக்கி மறுபடி கோடு போட வேண்டும். வெளியூர் அணிகள் வந்தால் யார் வீட்டில் சாப்பாடு, எங்கே படுக்கை, எடைப் பிரிவு ஆட்டம் என்றால் எடை பார்க்கும் மெஷின் யார் கொண்டுவருவது, எல்லாவற்றையும் யோசிக்கிறவர்கள் நீங்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஐம்பது வயதுக்காரரிடம் வேலை சொல்கிறான், அவரும் கேட்டுக்கொள்கிறார். ஊரில் வேறு எங்கே இது நடக்கிறது? ஒரு பொதுக்காரியத்தைக் கடைசி வரை கொண்டுபோய் முடிக்கும் பழக்கம் உங்களுக்கு அந்த மண்ணில்தான் வந்தது.

ஆட்டத்துக்குள் நடப்பது இன்னும் பெரிது. ஒரு கால் இறுதி ஆட்டம் என் நினைவில் நிற்கிறது. கடைசி நிமிடம், புள்ளி சமம், எதிரே ஆறு பேர் நிற்கிறார்கள். பாடிப் போன பையன் இடது ஓரத்தில் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டுத் திரும்பினான். நடுவர் கட்டை விரலைத் தூக்கிப் போனஸ் கொடுத்துவிட்டார். நான் நோட்டில் எழுதப் போனேன். பையன் மூச்சு வாங்கியபடியே நடுவரிடம் வந்து, "பின்கால் தரையிலதான்ணே இருந்துச்சு, போனஸ் இல்ல" என்றான். முன்கால் கோட்டைத் தாண்டும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. புழுதியில் அதை அவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நடுவர் புள்ளியைத் திரும்ப எடுத்தார். அடுத்த ரெய்டில் அவன் அணி தோற்றது. அவன் குழுவில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை, கார்னரில் ஆடும் பெரியவன் அவன் தோளில் கை போட்டு அழைத்துப் போனான்.

கேமரா வைத்துத் திரும்பப் பார்க்கும் வசதி பெரிய ஆட்டங்களுக்கு உண்டு. ஊர் ஆட்டத்துக்கு ஆட்டக்காரனின் வாய்ச்சொல்தான் கேமரா. தொடுபட்ட கார்னர்காரன் விசில் வருமுன்பே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பதை நான் இன்றும் பார்க்கிறேன். பெரிய காசு பந்தயத்தில் இருந்தால் அப்படி நடப்பது கடினம். காசு வாங்குகிறவர்கள் நேர்மை இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு இருக்கும் நெருக்கடி வேறு. ஆனால் தோற்றாலும் பிழைப்பு போகாத ஆட்டத்தில்தான் ஒரு பையன் உண்மையைச் சொல்லிப் பழக முடிகிறது. அந்தப் பழக்கம் அவனோடு ஆயுள் முழுக்க வரும்.

பொதுக்காரியத்தைச் சேர்ந்து முடிக்கும் உங்கள் பழக்கத்தால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், 2018 நவம்பர் 16ஐச் சொல்வேன். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்த நாள் அது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. மின்கம்பங்கள் ஒடிந்து கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. சாலையில் விழுந்த மரங்களை முதலில் அறுத்தவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். பொதுச் சமையலுக்கு அடுப்பு மூட்டியவர்களும் அவர்களே. அரசின் ஆட்கள் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. மின்வாரிய ஊழியர்கள் வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர வழி வேண்டுமே, அந்த வழியைத் திறந்துவிட்டவர்களுக்குப் பணி ஆணையும் இல்லை, பயணப்படியும் இல்லை. அடுத்த வருடம் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வார 'கைஃபா' என்ற அமைப்பாக அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வருடா வருடம் மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வந்த தண்ணீரைத் தேக்கி வைக்கத் தாங்களே இறங்கினார்கள்.

காசு கலந்தால் கெட்டுப்போகும் காரியங்களும் உண்டு என்பதற்கு இரத்த தானம் சாட்சி. ஒரு காலத்தில் நம் நாட்டு இரத்த வங்கிகள் பணத்துக்கு இரத்தம் விற்பவர்களை நம்பி இருந்தன. பசிக்கு விற்றவர் தன் நோயை மறைத்தார், அடிக்கடி விற்றார், வாங்கியவருக்கும் ஆபத்து, விற்றவருக்கும் ஆபத்து. 1996இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு இரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. அதன் பிறகு அந்த இடத்தை நிரப்ப யார் வந்தார்கள்? நள்ளிரவில் போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடும் உங்களைப் போன்றவர்கள்தான். "உனக்கு என்ன கிடைக்குது?" என்ற கேள்வியை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் ஒரு குடும்பத்திடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருக்கும்போது ஊராட்சியும் இப்படித்தான் ஓடுகிறது. வார்டு உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் சொற்ப அமர்வுப் படி உண்டு. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். 2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளில் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். கஜா அடித்தது அந்தக் காலத்தில்தான். ஓர் அலுவலர் பல ஊராட்சிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. கதவைத் தட்டலாம் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? தேர்ந்த அதிகாரி ஊருக்கு வேண்டும். கூடவே, தெருவிலேயே குடியிருந்து, தெருவுக்குப் பதில் சொல்லும் ஓர் ஆளும் வேண்டும்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்களை மதிப்பதால் நேரடியாகவே கேட்கிறேன்.

கணக்கைத் திறந்து வையுங்கள். சம்பளம் வாங்கவில்லை என்பது யாரையும் கேள்விக்கு அப்பால் உயர்த்திவிடாது. நம் ஆட்டத்தின் அகில இந்திய அமைப்பின் பெயரிலேயே அமெச்சூர் என்ற சொல் இருக்கிறது. அந்த அமைப்பில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தலைவராக இருந்து, பிறகு வாழ்நாள் தலைவர் ஆகி, தலைவர் நாற்காலி அவர் குடும்பத்துக்குள்ளேயே போனது. 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி நிர்வாகி ஒருவரை நியமித்தது. பெரிய இடத்தில் நடந்தது சின்னக் குழுவிலும் நடக்கும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, பரிசுக்கும் பந்தலுக்கும் போனது எவ்வளவு என்று போட்டி முடிந்த வாரமே ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரிலோ டீக்கடையிலோ ஒட்டுங்கள். செயலாளர் பொறுப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உங்கள் பனியனை விற்றுவிடாதீர்கள். பரிசுத் தொகையும் டிராக் சூட்டும் தருகிறவர் கட்சிக்காரராக இருக்கலாம், சாதிச் சங்கத்துக்காரராக இருக்கலாம். நன்றி சொல்லுங்கள், மேடையில் பொன்னாடை போர்த்துங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பனியனின் முதுகில் அவர் படம் ஏறிவிட்டால், தேர்தல் நேரத்தில் உங்கள் முதுகும் அவருடையதாகிவிடும்.

ஊர்த்தெருப் பையன்களும் காலனிப் பையன்களும் ஒரே பனியனில் ஆடட்டும். ஒரே ஊரில் இரண்டு குழு, இரண்டு களம் என்று இருக்கும் இடங்கள் உங்களுக்கே தெரியும். கபடி என்பது மேலே விழுந்து கட்டிப்பிடிக்கும் ஆட்டம். களத்தில் ஒருவன் காலைப் பிடிக்கத் தயங்காதவன், களத்துக்கு வெளியே அவன் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினால், பாலுவுக்குத் தனிக் குவளை வைத்தவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

தங்கைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. அங்கிருந்து அவரால் வர முடிந்தது, உங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் ஏன் வர முடியாது? மாலை ஐந்து முதல் ஆறரை வரை களம் பெண்களுக்கு என்று எழுதிப் போடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொள்ள உங்களால் முடியும், இருட்டிய பிறகு தனியே வீடு திரும்புவது அவர்களுக்கு எளிதில்லை.

உடம்பைக் காப்பாற்றுங்கள். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு போட்டியில், பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் பிடியில் விழுந்து களத்திலேயே உயிரிழந்தார். முதலுதவி தெரிந்த ஒருவரும், காத்திருக்கும் ஒரு வண்டியும் இல்லாமல் எந்தப் போட்டியையும் தொடங்காதீர்கள். மைக் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களின் விபத்துக் காப்பீட்டுக்குக் கொடுங்கள். ஆர்வத்துக்காக ஆடுகிறவனின் எலும்பும் எலும்புதான்.

கடைசி வேண்டுகோள் கிராம சபைக்குப் போவது பற்றி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பல ஊர்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களின் கையெழுத்தோடு அது முடிந்துவிடுகிறது. இருபது வயதுக்காரர்களைக் காண்பது அரிது. ஓர் அணிக்கு ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர் ஐந்து பேர், ஆக பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து போய் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தில் எழுந்து நின்று கேளுங்கள். ஊர்ப் புறம்போக்கில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுத் திடல், அதில் பெண்களுக்குக் கழிவறை, ஒரு விளக்குக் கம்பம் என்று தீர்மானம் எழுதிக் கொடுங்கள். பதிவேட்டில் அது ஏறும் வரை எழுந்து போகாதீர்கள். இந்தச் சபையில் ஏறாவிட்டால் அடுத்த சபையில் மறுபடி எழுதிக் கொடுங்கள்.

உங்களில் யாருக்காவது லீக்கிலிருந்து அழைப்பு வந்தால் சந்தோஷமாகப் போங்கள், நல்ல விலை கேட்டு வாங்குங்கள். அழைப்பு வராதவர்கள் முப்பது வயதில் கபடியை நிறுத்திவிட்டுப் போய்விடாதீர்கள். நடுவர் தேர்வு எழுதுங்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக்கொடுங்கள், ஸ்கோர் மேசைக்கு வாருங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் வார்டுக்கு நல்ல ஆள் யாரும் நிற்கவில்லை என்றால் நீங்களே மனுப் போடுங்கள். போனஸ் இல்லை என்று தானே வந்து சொன்ன அந்தப் பையனைப் போன்றவர்களின் கையில் ஊர்ப் பணம் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்காக ஓட்டுக் கேட்டுத் தெருத் தெருவாக வரவும் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஸ்கோர் மேசை அண்ணன்